காரில் லேப்டாப் சார்ஜ் போட எதை வாங்கலாம், கெட்டுப்போனால் யாரிடம் கொடுக்கலாம்

போன வாரம் சித்தி மகன் போனில் கூப்பிட்டான். "அண்ணே, லேப்டாப் சார்ஜ் ஏறவே மாட்டேங்குது, நானோ பாதி நாள் கார்லதான் இருக்கேன், ஒரு இன்வெர்ட்டர் வாங்கிப் போட்டுட்டா சரியாப் போயிடுமா, இல்ல முதல்ல இதை ரிப்பேருக்குக் கொடுக்கணுமா?" என்று ஒரே மூச்சில் கேட்டான். இரண்டும் தனித்தனிக் கேள்வி என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். பேசப் பேசத்தான் தெரிந்தது, அவன் காரில் சார்ஜ் போட்ட விதம்தான் லேப்டாப்பைக் கெடுத்திருக்கிறது. ஒரு மணி நேரம் பேசியதை, அதே குழப்பத்தில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டைப்-சி வழியாகச் சார்ஜ் ஏறும் லேப்டாப் என்றால் நல்ல டைப்-சி கார் சார்ஜர் ஒன்று போதும், வேறெதையும் தேட வேண்டாம். உருண்டை முனை வைத்த பழைய மாதிரி அடாப்டர் என்றால், காரின் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் சின்ன இன்வெர்ட்டர். வோல்ட்டை நாமே தள்ளி மாற்றும் சுவிட்ச் வைத்த, எல்லா லேப்டாப்புக்கும் பொருந்தும் என்று சொல்லி விற்கிற சார்ஜரை மட்டும் தொடாதீர்கள். ரிப்பேர் விஷயத்தில், கம்பெனி சர்வீஸ் சென்டரா தனிக் கடையா என்று யோசிப்பதற்கு முன்னால், உள்ளே இருக்கும் ஃபைல்கள் உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். யாரிடம் கொடுப்பது என்பது பெரும்பாலும் அதை வைத்துத்தான் முடிவாகும்.

எதை வாங்குவதாக இருந்தாலும் முதலில் உங்கள் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் அவுட்புட் என்று ஒரு வரி இருக்கும். 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்று இருந்தால் இரண்டையும் பெருக்குங்கள், 65 வாட் வரும். 19 வோல்ட், 2.37 ஆம்பியர் என்றால் 45 வாட். சாதாரண ஆபீஸ் லேப்டாப்கள் பெரும்பாலும் 45க்கும் 90க்கும் நடுவில் நிற்கும், கேமிங் லேப்டாப்கள் 180, 230 என்று போகும். அந்த எண்தான் உங்களுக்கு வேண்டியது. கடையில் போய் "லேப்டாப் சார்ஜர் கொடுங்க" என்று கேட்பதற்கும் "65 வாட் வேணும்" என்று கேட்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

அடுத்து காரின் பக்கம். சிகரெட் லைட்டர் சாக்கெட் 12 வோல்ட் என்று சொல்கிறோமே தவிர, எஞ்சின் ஓடும்போது பெரும்பாலும் 13.5 முதல் 14.5 வரை இருக்கும், ஸ்டார்ட் செய்யும் அந்த நொடியில் 12க்கு நன்றாகவே கீழே இறங்கிவிடும். பெரிய லாரிகளில் 24 வோல்ட். அந்த சாக்கெட்டுக்கு ஒரு ஃப்யூஸ் உண்டு, பொதுவாக 10, 15 அல்லது 20 ஆம்பியர். 10 ஆம்பியர் ஃப்யூஸ் என்றால் மொத்தமாக 120 வாட்டுக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது, மணிக்கணக்கில் போடுவதென்றால் அதிலும் கொஞ்சம் குறைத்தே கணக்கு வைக்க வேண்டும். ஃப்யூஸ் பெட்டியின் மூடியிலோ காரின் கையேட்டிலோ அந்த எண் இருக்கும். ஒரு சாக்கெட்டை மூன்றாகப் பிரிக்கிற ஸ்ப்ளிட்டர் வாங்கிப் போட்டவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், டேஷ்கேம், போன் சார்ஜர், லேப்டாப் மூன்றுக்கும் சேர்த்து அதே ஒரு ஃப்யூஸ்தான்.

இன்வெர்ட்டரை எல்லாரும் முதலில் நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. எந்த லேப்டாப்பாக இருந்தாலும், அதன் சொந்த அடாப்டரையே போட்டுக்கொள்ளலாம். இது சின்ன விஷயமில்லை, ஏனென்றால் டெல், ஹெச்பி போன்ற கம்பெனிகளின் உருண்டை முனை அடாப்டர்கள் பலவற்றில் நடுவில் ஒரு மெல்லிய பின் இருக்கும், அதன் வழியாகத்தான் லேப்டாப் "இது நம்ம அடாப்டர்தானா, எத்தனை வாட்" என்று தெரிந்துகொள்கிறது. தெரியாத அடாப்டர் என்றால் பேட்டரியில் சார்ஜ் ஏற்றாமலே இருக்கும், சில சமயம் வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். சொந்த அடாப்டர் போடும்போது அந்தத் தொல்லை இல்லை.

ஆனால் இன்வெர்ட்டர் செய்கிற வேலையை யோசித்துப் பாருங்கள். காரின் 12 வோல்ட்டை வீட்டுக் கரண்ட் அளவுக்கு ஏற்றுகிறது, அடாப்டர் அதைத் திரும்ப 20 வோல்ட்டுக்கு இறக்குகிறது, இரண்டு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் சூடாகப் போய்விடும். லேப்டாப்புக்கு 65 வாட் போய்ச் சேர, காரிலிருந்து 80, 85 வாட் இழுக்க வேண்டியிருக்கும். உள்ளே இருக்கிற குட்டி ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும், வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு மீட்டிங்கில் பேசும்போது அந்தச் சத்தம் எதிர்முனைக்குக் கேட்கும். அப்புறம், காருக்குள் வீட்டுக் கரண்ட் அளவு வோல்ட் இருக்கிறது என்பதை மறக்கவே கூடாது. தண்ணீர் பாட்டில் பக்கத்தில் வைக்கவோ, பின்சீட்டில் குழந்தை இருக்கும்போது கை எட்டும் இடத்தில் விடவோ கூடாது.

வாங்கும்போது, பெட்டி மேல் பெரிதாகப் போட்டிருக்கும் வாட் பெரும்பாலும் ஒரு நொடி தாங்கக்கூடிய உச்ச அளவு. தொடர்ந்து எத்தனை வாட் என்று உள்ளே சின்னதாக எழுதியிருக்கும், அதைப் பாருங்கள். மாடிஃபைடு சைன் வேவ், ப்யூர் சைன் வேவ் என்று இரண்டு வகை உண்டு, ப்யூர் என்பது வீட்டுக் கரண்ட் மாதிரியே சீரான அலை, மாடிஃபைடு அதைத் தோராயமாகப் படிக்கட்டு மாதிரி ஒப்பேற்றுவது. பெரும்பாலான லேப்டாப் அடாப்டர்கள் மாடிஃபைடிலும் ஓடும், ஆனால் லேசாக ரீங்காரம் போடும், வழக்கத்தைவிடச் சூடாகும். தினமும் போடுவதென்றால் ப்யூர் சைனுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிப்பது நல்லதுதான். 150 வாட்டுக்கு மேல் வேண்டுமென்றால் சாக்கெட்டை விட்டுவிடுங்கள், பேட்டரியிலிருந்து நேராக, அதற்கென்று தனி ஃப்யூஸ் வைத்து, தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் ஒயர் இழுத்துக்கொள்ளுங்கள்.

டைப்-சி கார் சார்ஜருக்கு வருகிறேன். எனக்கு இதுதான் பிடித்தது, காரணம் அதன் வேலை செய்யும் விதம். கேபிளைச் சொருகியதும் சார்ஜரும் லேப்டாப்பும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. "என்னிடம் 5, 9, 15, 20 வோல்ட் இருக்கிறது" என்று சார்ஜர் சொல்லும், லேப்டாப் தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கும். பேச்சு முடியும்வரை 5 வோல்ட்டைத் தாண்டாது. இதற்குப் பெயர்தான் பவர் டெலிவரி, சுருக்கமாக பி.டி. ரொம்ப நாளாக 100 வாட்தான் இதன் உச்சம், 2021இல் வந்த 3.1 பதிப்பு அதை 240 வாட் வரை கொண்டுபோய்விட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் போன்களுக்கு 2024 டிசம்பர் 28 முதலும் லேப்டாப்களுக்கு 2026 ஏப்ரல் 28 முதலும் டைப்-சி கட்டாயம் என்று சட்டமே போட்டார்கள். இனி வாங்கப்போகிற லேப்டாப்பிலும் இது இருக்கும் என்பதால், இன்று வாங்கும் சார்ஜர் நாளைக்கும் உதவும்.

ஏமாறுகிற இடங்கள் மூன்று உண்டு. பெட்டியில் 100 வாட் என்று போட்டிருக்கும், அது எல்லா போர்ட்டும் (கேபிள் சொருகும் ஓட்டை) சேர்ந்த கூட்டுத்தொகையாக இருக்கும், ஒரு போர்ட்டில் 65, இன்னொன்றில் 35 என்று பிரித்திருப்பார்கள், போனைச் சேர்த்துச் சொருகினால் லேப்டாப்புக்கு 45ஆகக் குறைவதும் உண்டு. அடுத்தது கேபிள். 60 வாட்டுக்கு மேல் போக வேண்டுமென்றால் 5 ஆம்பியர் தாங்கும் கேபிள் வேண்டும், அதன் முனைக்குள் தன் திறனைச் சொல்கிற ஒரு சிப் இருக்கும். அது இல்லாத கேபிளில் எவ்வளவு நல்ல சார்ஜர் போட்டாலும் 3 ஆம்பியரைத் தாண்டாது, போனோடு வந்த கேபிளைப் போட்டுவிட்டு சார்ஜரைக் குறை சொல்வது இதனால்தான். மூன்றாவது, டைப்-சி ஓட்டை இருக்கிறது என்பதாலேயே அதில் லேப்டாப் சார்ஜ் ஏறும் என்று அர்த்தமில்லை. சிலவற்றில் அது பென்டிரைவ் சொருக மட்டும்தான். கையேட்டைப் பாருங்கள், இல்லாவிட்டால் யாரிடமாவது இருக்கும் டைப்-சி லேப்டாப் அடாப்டரை ஒரு நிமிடம் வாங்கிச் சொருகிப் பார்த்துவிடுங்கள்.

பவர் பேங்க்கை நான் இரண்டாவதாகக் கையில் வைத்திருக்கும் பொருளாகத்தான் பார்க்கிறேன். எஞ்சின் ஓடாமல், காரின் பேட்டரியைத் தொடாமல், இறங்கிப் போகும் இடத்துக்கும் எடுத்துப் போகலாம் என்பது உண்மை. ஆனால் 20,000 எம்.ஏ.ஹெச். என்பதை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட்-அவர் (74 வாட்டை ஒரு மணி நேரம் தரக்கூடிய அளவு), அதில் லேப்டாப்புக்குப் போய்ச் சேர்வது ஏறக்குறைய 60. உங்கள் லேப்டாப் பேட்டரி 50 வாட்-அவர் என்றால் ஒரு முறை நிரப்பலாம், அவ்வளவுதான். விமானத்தில் 100 வாட்-அவருக்கு மேல் போனால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போகக் கூடாது, கண்ணாடி ஏற்றிய காரின் உட்புறம் 60 டிகிரியைத் தாண்டக்கூடும், லித்தியம் பேட்டரிக்கு அது ஆகவே ஆகாது. லேப்டாப்புக்கும் இதேதான். மேக்புக்கை 45 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள் என்று ஆப்பிளே சொல்கிறது.

இப்போது அந்தச் சுவிட்ச் வைத்த சார்ஜர். சில வருடங்களுக்கு முன்னால் நானே ஒன்று வாங்கினேன். பத்துப் பன்னிரண்டு முனைகள், பக்கவாட்டில் 15, 16, 18, 19, 20, 22, 24 என்று நகரும் ஒரு பொத்தான். சரியாக 19இல் வைத்து மாதக்கணக்கில் நன்றாகத்தான் ஓடியது. ஒருநாள் அது சீட்டுக்கடியில் விழுந்திருந்தது, எடுத்துச் சொருகினேன், லேப்டாப்பின் சின்ன விளக்கு ஒரு முறை மின்னி அணைந்தது. பொத்தான் 24இல் நின்றிருந்தது. பேச்சுவார்த்தை நடத்தாத சார்ஜரின் ஆபத்து இதுதான், கொடுக்கிற வோல்ட்டை லேப்டாப் வாங்கிக்கொண்டே ஆக வேண்டும். அன்றைக்கு உள்ளே எழுதி முடித்த ஒரு பெரிய அறிக்கை இருந்தது, வேறெங்கும் பிரதி இல்லை.

முதலில் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குத்தான் போனேன். நல்லபடியாகத்தான் பேசினார்கள், ஆனால் மதர்போர்டை, அதாவது உள்ளே இருக்கும் முக்கியப் பலகையை, முழுதாக மாற்ற வேண்டும், ஃபைல்களுக்குப் பொறுப்பில்லை என்று ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அதில் தவறில்லை, பெரும்பாலும் அங்கே வேலை நடக்கும் முறையே அப்படித்தான், பழுதான பாகத்தைக் கண்டுபிடித்து முழுப் பலகையை மாற்றுவார்கள், அதற்குள் எந்தச் சின்ன உறுப்பு எரிந்தது என்று தேடுவதில்லை. சிப் லெவல் வேலை, அதாவது பலகையில் எரிந்த சின்ன உறுப்பை மட்டும் தேடி மாற்றும் வேலை, செய்யும் தனிக் கடைக்காரர் ஒருவர் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, கரண்ட் உள்ளே நுழையும் இடத்தில் இருந்த மாஸ்ஃபெட் என்ற, கரண்டைத் திறந்து மூடும் சின்ன உறுப்பு ஒன்று ஷார்ட் ஆகியிருக்கிறது என்றார். இரண்டே நாளில் மாற்றிக் கொடுத்தார், அறிக்கை வைத்த இடத்தில் அப்படியே இருந்தது.

இதைப் படித்துவிட்டுத் தனிக் கடைதான் எப்போதும் நல்லது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்னொரு தடவை வேறொரு கடையில் பேட்டரி மாற்றினேன். கம்பெனி பேட்டரி மாதிரியே ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, எட்டு மாதத்தில் உப்பி டச்பேடைத் தூக்கிவிட்டது. அதிலிருந்து எனக்கு ஒரு வழக்கம் வந்தது. வாரண்டி இருந்தால் யோசிக்கவே வேண்டாம், கம்பெனி சர்வீஸ் சென்டர். பேட்டரி, திரை, அடாப்டர் மாதிரி முழுப் பொருளாக மாற்ற வேண்டியது எதுவோ அதற்கும் அங்கேதான், அசல் சரக்கு கிடைக்கும் என்பதால். போர்டில் ஏதோ எரிந்துவிட்டது, ஃபைல் வேண்டும், வாரண்டி முடிந்துவிட்டது என்றால் சிப் லெவல் ஆள். அவரிடம் நேராகப் பேச முடிகிறதா, கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தருகிறாரா, செய்த வேலைக்கு எத்தனை மாதம் கேரண்டி என்று எழுதித் தருகிறாரா, இந்த மூன்றையும் கேளுங்கள். கவுன்டரில் வாங்கி வைத்துக்கொண்டு வேறெங்கோ அனுப்புகிற கடையில், பழுது என்ன என்று உங்களுக்குச் சொல்லக்கூடிய ஆளே இருக்க மாட்டார்.

போன் வழியாக உதவி கேட்பது டிரைவர், அப்டேட் மாதிரி விஷயங்களுக்குச் சரி, சார்ஜ் ஏறாத லேப்டாப்புக்கு அதனால் பெரிய பயன் கிடையாது. ஒரே எச்சரிக்கை, எண்ணைக் கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்தோ பெட்டியிலிருந்தோ எடுங்கள். தேடினால் மேலே வருகிற எண்களில் போலிகள் நிறைய, திரையைப் பகிரச் சொல்லி ஆப் போடச் சொன்னால் உடனே வைத்துவிடுங்கள்.

எங்கே கொடுப்பதாக இருந்தாலும் அதற்கு முன்னால் வீட்டில் செய்ய வேண்டியவை சில உண்டு. வேறு சார்ஜர், வேறு கேபிள், வேறு போர்ட் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். லேப்டாப்பை அணைத்துவிட்டு டைப்-சி ஓட்டையில் டார்ச் அடித்துப் பாருங்கள், பையில் இருக்கும் பஞ்சும் தூசியும் அடைத்திருந்தால் மரக்குச்சியால் மெதுவாக எடுங்கள், ஊசி வேண்டாம். அடாப்டரைக் கழற்றிவிட்டு பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடித்து, திரும்பச் சொருகிப் பார்ப்பதும் பல சமயம் பலன் தரும். சொருகியிருக்கும்போது ஓடுகிறது, உருவியதும் அணைகிறது என்றால் சந்தேகம் பேட்டரி மேல். விளக்கே எரியவில்லை என்றால் அடாப்டர், போர்ட், போர்டு, இந்த வரிசையில் பாருங்கள். விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்தால், புதிதில் எவ்வளவு கொள்ளளவு, இப்போது முழுதாக ஏறினால் எவ்வளவு என்று இரண்டு எண் வரும், இரண்டாவது பாதியாகிவிட்டிருந்தால் பேட்டரியை மாற்றத்தான் வேண்டும். உப்பிய பேட்டரி என்றால் சார்ஜ் போடுவதை அந்த நிமிடமே நிறுத்துங்கள், அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள்.

ஃபைல் விஷயம் இன்னும் கொஞ்சம். ஃபைல்கள் இருக்கும் எஸ்.எஸ்.டி. தனியாகக் கழற்றக்கூடிய குச்சி வடிவில் இருந்தால், லேப்டாப் செத்திருந்தாலும் அதைக் கழற்றி ஒரு வெளி டப்பாவில் போட்டு வேறு கணினியில் படிக்கலாம். போர்டிலேயே சாலிடர் செய்திருந்தால், இன்றைய மேக்புக்குகள் மாதிரி, அந்த வழி கிடையாது, போர்டைப் பிழைக்க வைத்தால்தான் ஃபைல். விண்டோஸ் லேப்டாப்பில் ஃபைல்களைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஓடுகிறதா என்று பார்த்து அதன் 48 இலக்க மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போர்டை மாற்றினால் அடுத்த முறை ஆன் செய்யும்போது அதைத்தான் கேட்கும், அங்கே நின்று தவித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கடைக்காரருக்கு உங்கள் சொந்தப் பாஸ்வேர்டைக் கொடுக்காமல், சோதிப்பதற்குத் தனியாக ஒரு கணக்கு போட்டுக் கொடுங்கள்.

நாமே கழற்றலாமா என்றால், ரேம், எஸ்.எஸ்.டி., ஸ்குரூ போட்ட பேட்டரி வரைக்கும் தாராளமாகச் செய்யலாம். திறந்ததும் பேட்டரி கனெக்டரை முதலில் உருவுங்கள். ஸ்குரூக்களை எடுத்த இடத்தின்படியே ஒரு தாளில் ஒட்டி வையுங்கள், நீளமான ஸ்குரூவைக் குட்டை ஓட்டையில் திருகிப் போர்டைத் துளைத்துவிடுவது அடிக்கடி நடப்பது. சாலிடர் வேலையைப் பழகாதவர் தன் லேப்டாப்பில் ஆரம்பிக்க வேண்டாம்.

காருக்குத் திரும்புகிறேன். எஞ்சினை அணைத்துவிட்டு லேப்டாப் ஓட்டுவதற்கு ஒரு எல்லை வையுங்கள். கார் பேட்டரி 60 ஆம்பியர்-அவர் என்று இருந்தாலும் அது ஸ்டார்ட் செய்யும் அந்தச் சில நொடிகளுக்காகச் செய்தது, ஆழமாக வற்ற வைத்தால் சீக்கிரம் கெட்டுவிடும். பல இன்வெர்ட்டர்கள் 10.5 வோல்ட் வாக்கில்தான் கத்த ஆரம்பிக்கும், அப்போது பேட்டரி ஏற்கெனவே தீர்ந்த மாதிரிதான், அதை நம்பி உட்கார்ந்திருந்தால் வண்டி கிளம்பாது. நான் அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். ஸ்டீயரிங்கில் மாட்டுகிற மேசைத் தட்டு ஒன்று விற்கிறார்கள், நிறுத்திய வண்டியில் மட்டும் மாட்டுங்கள், கிளம்பும்போது கழற்றியே ஆக வேண்டும், அதற்குப் பின்னால் ஏர்பேக் இருக்கிறது. ஓடும் காரில் லேப்டாப்பைச் சீட்டின்மேல் சும்மா வைக்காதீர்கள், சடன் பிரேக் போட்டால் அது பறந்து வருகிற இரும்புப் பலகைதான்.

சித்தி மகன் விஷயத்துக்கு இதுதான் காரணமும். லேப்டாப்பைப் பக்கத்து சீட்டில் வைத்து, நேராக நீட்டிக்கொண்டிருக்கும் குட்டைக் கேபிளைச் சொருகி, ஒவ்வொரு திருப்பத்திலும் அது இழுபட்டு இழுபட்டு டைப்-சி போர்ட் ஆடிப்போயிருக்கிறது. இன்வெர்ட்டர் வாங்கியிருந்தாலும் அதே ஆடுகிற போர்ட்டில்தான் சொருகியிருப்பான். நல்லவேளை, அவன் லேப்டாப்பில் அந்த போர்ட் தனிச் சின்னப் பலகையில் இருந்தது, சிப் லெவல் கடையில் அன்றைக்கே மாற்றிவிட்டார்கள், ஃபைலை யாரும் தொடவில்லை. எல் வடிவ முனையும் இரண்டு மீட்டர் நீளமும் உள்ள 5 ஆம்பியர் கேபிள் ஒன்றை வாங்கச் சொன்னேன், வாங்கிவிட்டான். லேப்டாப்பை ஓடும்போது பையில் போட்டு முன்சீட்டுக்கடியில் வைத்துக்கொள்கிறான், சார்ஜ் போடுவது எஞ்சின் ஓட நிற்கும் இடங்களில் மட்டும். சார்ஜர் மட்டும் இன்னும் முடிவாகவில்லை, நேற்று ராத்திரி இரண்டு பெட்டிகளின் முன்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பி எது வாங்கலாம் என்று கேட்டான். பின்பக்கத்தில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் எத்தனை வாட் என்று இருக்கும் அட்டவணையை எடுத்து அனுப்பு என்று சொல்லியிருக்கிறேன்.